சூமோவில் பைக் விடுவது: சிக்னல், சந்து, மழை

கேள்வி, ஆகஸ்ட் 6

இறுதியாண்டு சிவில் மாணவன். சாலைப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சூமோ என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஒரு நாற்சந்தி சிக்னல் வரைந்து, 60 சதவீதம் பைக், மீதி கார், ஆட்டோ, பஸ் என்று வண்டிகளை விட்டேன். பைக்குகள் கார்களுக்கு நடுவே ஒன்றன்பின் ஒன்றாக சமத்தாக நிற்கின்றன. சிவப்பு விழுந்தால் ஒருத்தரும் புகுந்து முன்னால் வருவதில்லை. வரிசை முந்தைய சந்திப்பு வரை நீள்கிறது. கைடு பார்த்துவிட்டு "இது எந்த ஊர் ரோடு?" என்கிறார். என்ன செய்வது சார்?

ஆகஸ்ட் 6, இரவு

சூமோ என்றதும் டாடா சூமோவைத் தேடி வந்தவர்கள் அப்படியே திரும்பிவிடலாம். இது ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையம் 2001-லிருந்து வளர்த்துவரும் இலவச மென்பொருள்.

தம்பி, உங்களிடம் இருப்பது பைக் இல்லை, பெயர் மாற்றிய கார். சூமோவில் மோட்டார்சைக்கிள் வகையைத் தேர்ந்தெடுத்தால் நீளம் 2.2 மீட்டர், அகலம் 0.9 மீட்டர் என்று உடம்பு மட்டும் சுருங்கும். முன்வண்டிக்கு விடும் இடைவெளி காருக்கு உள்ள அதே 2.5 மீட்டர்தான். ஒரு லேனில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வண்டி நிற்கக்கூடாது என்ற விதியும் அப்படியே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பைக்குக்கு 4.7 மீட்டர், 20 பைக்குக்கு 94 மீட்டர் வரிசை. அதே 20 பேர் சைதாப்பேட்டையில் ஒரு லேன் அகலத்துக்குள் மும்மூன்று பேராக நின்றால் ஏழு வரிசை, சுமார் 17 மீட்டரில் முடிந்துவிடும். லேன் கோட்டைத் தாண்டி முழுச் சாலைக்கும் பரவினால் (பரவுவார்கள்) இரண்டே வரிசை.

முதலில் சப்லேன் மாடலை இயக்குங்கள். 'லேட்டரல் ரெசல்யூஷன்' என்ற ஆப்ஷனுக்கு 0.8 கொடுத்தால், சூமோவின் வழக்கமான 3.2 மீட்டர் லேன் நான்கு பட்டைகளாகப் பிரியும். அப்புறம் பேசலாம்.

இன்னொன்று. நெட்வொர்க் உருவாக்கும்போது 'லெஃப்ட்ஹேண்ட்' போட்டீர்களா? நீங்கள் போட்ட படத்தில் பஸ் வலது ஓரமாகப் போகிறது.

ஆகஸ்ட் 7

சப்லேன் மட்டும் போட்டால் போதாது, விட்டுப்போயிற்று. வண்டி லேனுக்குள் எங்கே ஓட விரும்புகிறது என்ற அமைப்பு 'சென்டர்' என்றுதான் இருக்கும். எல்லாரும் நடுவிலேயே போவார்கள். பைக்குக்கு அதை 'ஆர்பிட்ரரி' ஆக்குங்கள். பக்கவாட்டு இடைவெளி 0.6 மீட்டர் என்று இருப்பதைக் குறையுங்கள். 'எல்சி புஷி' என்று ஒன்று இருக்கிறது, அடுத்த வண்டியின் பக்கவாட்டு இடத்துக்குள் எவ்வளவு துணிந்து நுழைவது என்பதன் அளவு. 0 முதல் 1 வரை, முதலில் 0-வில் இருக்கும். அதாவது மென்பொருளின் இயல்பான ஓட்டுநர், யாரையும் இடிக்கக் கூசும் ஒரு ஜெர்மானியர். நம் ஆட்களுக்கு 0.7-க்குக் கீழே வைத்தால் வேலைக்கு ஆகாது என்பது என் கணிப்பு.

வரிசை இடைவெளி 2.5 மீட்டரை அரை மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். இந்த நான்கு மாற்றத்தையும் ஒரே சமயத்தில் செய்யாதீர்கள். எது என்ன செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆகஸ்ட் 9

தம்பி எழுதுகிறார்: "இப்போ முன்னால வருது சார். ஆனா சிவப்பில் நிற்கும்போதே பைக் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்கிறது."

சிரிப்பாக இருந்தாலும் முக்கியமான கேள்வி. சூமோவில் வண்டிக்கு நீளவாக்கில் ஒரு வேகம், பக்கவாட்டில் ஒரு வேகம், இரண்டும் தனித்தனி. பக்கவாட்டு வேகத்தின் உச்சவரம்பு நொடிக்கு 1 மீட்டர். நீளவாக்கு வேகம் பூஜ்யமானாலும் அந்த 1 மீட்டர் கையில் இருப்பதால் வண்டி அப்படியே வழுக்கும். நிஜத்தில் நின்றுகொண்டிருக்கும் பைக்கைப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்த வேண்டுமென்றால் இறங்கி, ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். சிக்னலில் அதைச் செய்கிறவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.

இதற்கென்றே 'எல்சி மேக்ஸ் ஸ்பீட் லேட் ஸ்டாண்டிங்' என்று நீளமான பெயரில் ஒரு அளவுரு வைத்திருக்கிறார்கள். அதை 0 ஆக்குங்கள். கூடவே 'ஃபேக்டர்' என்று முடியும் அதன் ஜோடியை 0.25 பக்கம் வையுங்கள். பக்கவாட்டு வேகம் முன்வேகத்தின் கால்பங்கைத் தாண்டாது. ஏன் கால்பங்கு என்றால், நெரிசலில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும் பைக் நொடிக்கு 2.8 மீட்டர் போகிறது. 15 டிகிரி திருப்பிப் போனால் பக்கவாட்டில் நொடிக்கு 0.7 மீட்டர், கிட்டத்தட்ட கால்பங்கு. கார்களுக்கு நடுவே அதற்கு மேல் திருப்ப எனக்கு மனசு வராது. வேகம் கூடினால் இந்தப் பங்கு குறையும், 60-ல் போகும்போது யாரும் 15 டிகிரி திருப்ப மாட்டார்கள். அங்கேதான் அந்த 1 மீட்டர் உச்சவரம்பு கைகொடுக்கிறது. முரட்டுத்தனமான தீர்வு, ஆனால் சிக்னல் பக்கத்துக்குப் போதும்.

ஆகஸ்ட் 10

அகலம் பற்றி. ஸ்ப்ளெண்டர் 72 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம். சூமோவின் 0.9 நம் ஊருக்கு அதிகம். ஆனால் 0.72 என்று மாற்றுவதற்கு முன் கார் அகலத்தையும் பாருங்கள். ஸ்விஃப்ட் 1.735 மீட்டர் என்று கம்பெனி போடுவது கண்ணாடியைச் சேர்க்காமல். கார் கண்ணாடியும் பைக் ஹேண்டில்பாரும் ஏறத்தாழ ஒரே உயரம். உடம்பு நுழையும் சந்தில் ஹேண்டில் நுழையாது. இரண்டு காருக்கு நடுவே போகும்போது எல்லாரும் ஹேண்டிலை ஒரு வெட்டு வெட்டி, கண்ணாடியைத் தாண்டி, மறுபடி நேராக்குவது அதனால்தான். சிமுலேஷனில் எல்லாமே செவ்வகம், இந்த வெட்டு அதில் வராது. கார் அகலத்தை 1.9 ஆக்கிவிட்டு பைக்கை 0.72-ல் விட்டேன், சந்துகளில் சிக்கும் விதம் நம்பும்படி வந்தது.

இதிலிருந்து ஒரு வேடிக்கை. 3.5 மீட்டர் லேன் இரண்டில் இரண்டு கார்கள் நடுவில் நின்றால் இடையே 1.8 மீட்டர் சந்து, பைக் தாராளமாகப் போகும். அதே 7 மீட்டரில் மூன்று கார்கள் நெருக்கி நின்றால் மிஞ்சும் இடம் நான்கு சந்துகளாகி, ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கும் கீழே. ஒரு சந்திலும் பைக் போகாது. கார்கள் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் ஒரு பக்கமாக ஒட்டி நின்றால்தான் வழி பிறக்கும். ஆக, பைக் முன்னேறுவது பைக்காரர் கையில் மட்டும் இல்லை, கார்காரர் எங்கே நிறுத்தினார் என்பதிலும் இருக்கிறது. கார்களுக்கும் 'சென்டர்' என்று விட்டுவைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 14

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பைக் என்றால் அரை கார். எண்ணிக்கையைப் பாதியாக்கிக் கணக்குப் போட்டால் ஆச்சு. இதற்கு எதற்கு இவ்வளவு மண்டையுடைப்பு?"

அந்த அரைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 1990-ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டி, ஐ.ஆர்.சி. 106, இருசக்கர வண்டிகள் மொத்தத்தில் 5 சதவீதம் இருந்தால் ஒன்றுக்கு 0.5 கார், 10 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 0.75 கார் என்று வைக்கச் சொல்கிறது. நம் சாலைகளில் பாதிக்கு மேல் பைக். அட்டவணை எங்கே முடிகிறதோ அதற்கு ரொம்ப தூரம் தள்ளித்தான் நாம் வண்டி ஓட்டுகிறோம்.

பின்னால் போக்குவரத்துப் பொறியியல் ஆய்வாளர் சதீஷ் சந்திரா முன்வைத்த முறையில், காரின் வேகத்தை அந்த வண்டியின் வேகத்தால் வகுத்து, அதைப் பரப்பளவுகளின் விகிதத்தால் வகுக்க வேண்டும். காருக்கு 5.39 சதுர மீட்டர், இருசக்கர வண்டிக்கு 1.2 சதுர மீட்டர். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் பைக்கின் மதிப்பு 0.22. நெரிசலில் பைக் காரைவிட வேகமாகப் போவதால் இன்னும் இறங்கும்.

மணிக்கு 3,000 பைக் போகும் சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கில் 2,250 கார், இன்னொன்றில் சுமார் 670 கார். ஒன்று மேம்பாலம் கேட்கும், மற்றது சிக்னல் நேரத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும் என்று சொல்லும்.

ஆகஸ்ட் 15

நேற்று எழுதியதைப் படித்தால் நான் 0.22 கட்சி போலத் தெரிகிறது. ராத்திரி யோசித்ததில் அப்படியும் இல்லை.

சிவப்பில் கார்களுக்கு நடுவே நிற்கும் பைக், எந்தக் காருக்கும் பயன்படாத இடத்தில் நிற்கிறது. அதன் விலை பூஜ்யம். பச்சை விழுந்ததும் முன்னால் இருக்கும் கூட்டம் கார் கிளட்ச் விடுவதற்குள் போய்விடுகிறது, அங்கேயும் விலை சொற்பம். அதே பைக் வலதுபக்கம் திரும்ப வேண்டி, இடது ஓரத்திலிருந்து முழுச் சாலையையும் குறுக்கே வெட்டினால் மூன்று கார் பிரேக் போடும். அப்போது அதன் விலை ஒன்றுக்கும் மேல். எந்த இடத்தில், எந்த நொடியில் என்று கேட்காமல் பைக்குக்கு ஒற்றை எண் கொடுப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. சிமுலேஷனில் அந்த எண்ணை உள்ளே கொடுக்கக் கூடாது. ஓட்டி முடித்தபிறகு கொஞ்சம் காரை எடுத்துவிட்டு, அதே தாமதம் வரும்வரை பைக்கைச் சேர்த்துப் பார்த்து, அதிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 23

"லேன் ஒழுக்கம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" கட்சிக்கு.

சப்லேனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், அதுதான் முழு ஒழுக்கம். மேலே தம்பி முதல் நாள் போட்ட படம் அதுவே. வரிசை முந்தைய சந்திப்பை அடைத்து, அங்கே பச்சை விழுந்தும் யாரும் நகர முடியவில்லை. சூமோவில் ஒரு வண்டி 300 நொடி நகராமல் நின்றால் அதைத் தூக்கி அடுத்த சாலையில் வைத்துவிடும், டெலிபோர்ட் என்று பெயர். வடபழனியில் அப்படி ஒரு வசதி இருந்தால் மாதச் சந்தா கட்டவும் நான் தயார். ஆனால் இது முடிவுகளைக் கெடுக்கும். டெலிபோர்ட் எண்ணிக்கையைப் பார்க்காமல் "சராசரி வேகம் நன்றாக வந்தது" என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள்.

ஆனால் இதை வைத்து "புகுந்து போவதே நல்லது" என்றும் சொல்லிவிட முடியாது. சூமோ வண்டிகள் அடிப்படையில் மோதாமல் ஓடும்படி எழுதப்பட்டவை. ஏதோ கோளாறில் மோதினாலும் அதையும் தூக்கி வேறிடத்தில் வைத்துவிடும். 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதைப் பற்றி இந்த மாடலுக்கு ஒன்றும் தெரியாது. தாமதம், வரிசை நீளம், எரிபொருள் வரை கேளுங்கள். பாதுகாப்பைப் பற்றி இதனிடம் கேட்காதீர்கள்.

செப்டம்பர் 2

நிஜத் தரவு எங்கே கிடைக்கும் என்று தம்பி கேட்கிறார். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் 2014 பிப்ரவரியில் வீடியோ எடுத்து, கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு வண்டியும் அரை நொடிக்கு ஒருமுறை எங்கே இருந்தது என்று குறித்த தரவு இருக்கிறது. வெங்கடேசன் கனகராஜ், கௌரி ஆசைத்தம்பி உள்ளிட்டோர் 2015-ல் வெளியிட்டது. கலப்புப் போக்குவரத்தில் வேலை செய்கிற வெளிநாட்டுக்காரர்களும் இதைத்தான் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அடையாற்றுக்கு மேலே நாம் முக்கித் திணறிப் போகும் பாலம் ஒரு அளவுகோலாகிவிட்டது.

பாலத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் புரிகிறது. பஸ் நிறுத்தம் இல்லை, பார்க்கிங் இல்லை, குறுக்குச் சந்து இல்லை. சுத்தமான தரவு வரும். அதனாலேயே எச்சரிக்கை: அங்கே சரிபார்த்த அளவுருக்களை அப்படியே உஸ்மான் ரோட்டில் போடாதீர்கள். அந்த ரோட்டில் பைக்காரர் இடது ஓரத்தைத் தொடவே மாட்டார். எப்போது ஷேர் ஆட்டோ நிற்கும், எந்தக் கார் கதவு திறக்கும் என்று தெரியாது. பாலத்தில் அந்தப் பயம் இல்லை.

செப்டம்பர் 3

கொஞ்சம் பின்னணி, ஏனென்றால் தம்பியின் கைடு "தியரி எங்கே?" என்று கேட்டாராம்.

1992-ல் நாகல், ஷ்ரெக்கன்பர்க் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாக வெட்டி, ஒரு கட்டத்தில் ஒரு கார் என்று வைத்தார்கள். அழகான மாடல். காரணமே இல்லாமல் நெரிசல் பிறப்பதை அவ்வளவு எளிமையாகக் காட்டியது. ஆனால் 2 மீட்டர் பைக்குக்கு 7.5 மீட்டர் கட்டம் என்றால் மீதி இடம் வீண். கட்டத்தைச் சின்னதாக்கியவர்கள் உண்டு, அப்போது பைக்கின் நகர்வு தாயக்கட்டம் போலத் தாவித் தாவி வரும்.

இந்தியாவில் கலப்புப் போக்குவரத்துக்கு மாடல் போடுவதை விடாப்பிடியாகச் செய்த இடங்களில் ஒன்று ஐ.ஐ.டி. மெட்ராஸ். தமிழ் அரசன், ரீபு சக்கரியா கோஷி இருவரும் 2005-ல் வெளியிட்ட மாடலில் லேனே கிடையாது. முழுச் சாலையும் ஒரே பரப்பு. ஒவ்வொரு வண்டிவகைக்கும் பக்கவாட்டில் ஒரு பங்கு இடைவெளி. நிற்கும்போது குறைவு, 60 கி.மீ. வேகத்தில் அதிகம், நடுவில் நேர்க்கோட்டில் கூடும். இரண்டு வண்டி பக்கத்தில் போனால் இருவர் பங்கையும் கூட்ட வேண்டும். எனக்கு இந்தக் கூட்டல் ரொம்பப் பிடித்தது. பஸ் பக்கத்தில் போகும் பைக்கும் சைக்கிள் பக்கத்தில் போகும் பைக்கும் ஒரே இடைவெளி விடுவதில்லை என்பது தானாக உள்ளே வந்துவிடுகிறது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சூ-சாங் லீ 2007-ல் முடித்த ஆய்வு இன்னொரு பக்கத்தைப் பிடித்தது. பைக் முன்வண்டிக்கு நேர் பின்னால் போவதில்லை, சாய்வாகப் பின்தொடர்கிறது. பஸ்ஸின் நேர் பின்னால் போகும் பைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புகை ஒன்று, முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாதது ஒன்று. பஸ்ஸின் ஓரத்தில் அரை ஹேண்டில் வெளியே தெரிய வருவார். பஸ் பிரேக் போட்டால் சந்துக்குள் போய்விடலாம் என்ற தைரியத்தில் இடைவெளியும் குறைவாக விடுவார். காரை மையமாக வைத்த மாடல்கள் "எனக்கு முன்னால் யார்" என்று கேட்கின்றன. பைக்காரர் மனசில் ஓடும் கேள்வி "எந்த இரண்டு வண்டிக்கு நடுவே, இன்னும் எத்தனை நொடி அந்தச் சந்து திறந்திருக்கும்" என்பது. சூமோ சப்லேன் இந்த இரண்டாவது கேள்வியைப் பாதிதான் கேட்கிறது. காசு கொடுத்து வாங்கும் விஸ்ஸிம் என்ற இதே மாதிரி மென்பொருளில் 'டைமண்ட்' வரிசை என்று ஒரு வசதி உண்டு. வண்டியைச் செவ்வகமாகப் பார்க்காமல் வைர வடிவில் எடுத்துக்கொண்டு, பைக்குகளை இடைவெட்டாக நெருக்கி நிறுத்தும். கல்லூரியில் லைசென்ஸ் இருந்தால் அதையும் பாருங்கள்.

செப்டம்பர் 19

எதை வைத்துச் சரிபார்ப்பது? பெரும்பாலோர் சராசரி வேகத்தை வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். எல்சி புஷியைக் கூட்டி வரிசை இடைவெளியையும் கூட்டினால் அதே சராசரி வரும். இரண்டையும் குறைத்தாலும் வரும். பச்சை விழும் அந்த நொடியில் ஸ்டாப் லைனிலிருந்து பின்னோக்கி முதல் 10 மீட்டருக்குள் எத்தனை பைக், எத்தனை கார் என்று எண்ணுங்கள். அதில் ஒத்துவந்தால் புகுந்து முன்னேறுவது சரியாக நடக்கிறது என்று நம்பலாம்.

நடைமேம்பாலத்தில் நின்று செல்போனில் எடுத்தாலே போதும். உயரம் குறைந்தால் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் பைக் தெரியாது, தண்ணி லாரி வந்தால் அந்தச் சுற்றை விட்டுவிடுங்கள். தரையில் நான்கு இடங்களின் தூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டால் வீடியோவிலிருந்து நிஜ அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். டேப் வைத்து அளக்கும்போது கார்ப்பரேஷன் ஆள் என்று நினைத்து ரோடு எப்போது போடுவீர்கள் என்று கேட்பார்கள், பதில் தயாராக வைத்திருங்கள்.

செப்டம்பர் 21

ஸ்டாப் லைனுக்கு முன்னால் பைக்குக்கென்று தனிக் கட்டம் போடலாமே, தைவானில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சூமோவில் சோதிப்பது சுலபம். 'ஸ்டாப் ஆஃப்செட்' என்று கொடுத்து எல்லா வண்டியையும் 4 மீட்டர் பின்னால் நிறுத்தி, மோட்டார்சைக்கிளுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுங்கள். கட்டம் வந்துவிடும். ஆனால் கட்டம் வரை போகச் சந்து இருந்தால்தான் பயன். ஆகஸ்ட் 10-ஆம் தேதி எழுதிய மூன்று கார் கணக்கைப் பாருங்கள். கார்கள் நெருக்கி நின்றால் கட்டம் காலியாகவே கிடக்கும். சென்னையில் கட்டம் ஏற்கெனவே உண்டு, ஜீப்ரா கிராஸிங் என்ற பெயரில்.

அக்டோபர் 27

மழை. மாடலில் யாரும் போடாத ஒன்று. தூறல் பெரிதாகிற நிமிடத்தில் பைக்குகள் எல்லாம் பாலத்துக்கு அடியில் ஒதுங்கும். முதலில் ஓரம், அப்புறம் ஒரு லேன், அப்புறம் ஒன்றரை. மழைக்கோட்டு எடுக்கிறவர், போனைப் பாலிதீன் பையில் போடுகிறவர், சும்மா நிற்கிறவர். மேம்பாலத்துக்கு மேலே ரோடு காலி, கீழே அடைப்பு. வேகம் குறைவது, பிரேக் தூரம் கூடுவது எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இது இல்லை. சூமோவில் இடது லேனில் சாலையோர நிறுத்தம் ஒன்று வைத்து, குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பைக்குகளில் ஒரு பங்கை அங்கே பத்து நிமிடம் நிறுத்தச் சொன்னேன். பெரிய துல்லியம் இல்லை, ஆனால் அடைப்பு எந்தப் பக்கம் வளர்கிறது என்பது சரியாக வந்தது.

நவம்பர் 12

தம்பியின் ரிவ்யூ முடிந்ததாம். கைடு இப்போது "பஸ் ஏன் நிறுத்தத்தில் ஓரம் கட்டி நிற்கிறது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நம் பஸ் இரண்டாவது லேனில் நிற்கும், இறங்குகிறவர்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே பைக்குகள் ஓடும். சூமோவில் நிறுத்தம் லேனோடு கட்டப்பட்டது. இரண்டாவது லேனில் நிறுத்தத்தை வைத்தால் பஸ் நிற்கும், ஆனால் இறங்கும் ஆட்களைப் பார்த்துப் பைக் பிரேக் போடாது. அந்த லேனுக்கு இடதுபக்கம் 15 மீட்டருக்கு மட்டும் வேக வரம்பை மணிக்கு 10 கி.மீ. ஆக்கி, பஸ் நிற்கும் நேரத்தில் மட்டும் அது அமலாகும்படி டிராசி (சூமோ ஓடும்போதே வெளியிலிருந்து கட்டளை கொடுக்கும் வசதி) ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் கோப்பை இங்கேயே போடுகிறேன். பஸ் நிறுத்தத்தை மேலிருந்து எடுத்த வீடியோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பத்து நிமிடம் போதும், மழை இல்லாத நாளாக இருக்கட்டும்.